மூன்று பேர் போகிற பஸ்

பதுளைப் பட்டணத்தில் எங்கள் வாப்பா புடைவைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு கொஞ்ச காலத்தில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. நமுனுகுலப் பக்கம், மலைச் சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் பள்ளிக்கூடம். எனக்கு இருபத்திரண்டு வயது. பட்டணத்திலிருந்து அங்கே போக ஒரே ஒரு பஸ்தான். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, கீழ் டிவிசன் சந்தியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கடைசி நாலு மைலையும் முனகிக்கொண்டே ஏறி, எட்டு மணிக்குள் மேலே போய்ச் சேரும். பின்னேரம் இரண்டரைக்கு அதே பஸ் கீழே இறங்கும். தவறவிட்டால் நடைதான்.

முதல் நாள் ஒரு ரூபாயை நீட்டினேன். டிக்கட் அறுபது சதம் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். கண்டக்டர் அறுபது சதத்தைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். பிழை விட்டுவிட்டார் என்று நினைத்து, "மிச்சம் கூடத் தந்துட்டீங்க" என்றேன். நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. "சரியாத்தான் இருக்கு டீச்சர்," என்றார். நான் டீச்சர் என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்ததில், டிக்கட் தரவில்லை என்பதைக் கவனிக்க மறந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் விளங்கிவிட்டது. டிக்கட் வேண்டுமானால் அறுபது சதம். வேண்டாமென்றால் நாற்பது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கொடுப்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். நட்டம் டிப்போவுக்கு. டிப்போ என்பது எங்களுக்கெல்லாம் ஒரு மதிலும் அதற்குப் பின்னால் தெரியும் தகரக் கூரையும்தான். அதற்கு வயிறு இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. இரண்டாவது வாரமும் நான் நாற்பது சதமே கொடுத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து, அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று, நாற்பது சதத்தையும் சில்லறையாகவே கொண்டுபோனேன்.

கண்டக்டர் நாற்பது வயதைத் தாண்டிய சிங்களவர். ஏசுவதென்றால் சிங்களம், மற்றதெல்லாம் தோட்டத் தமிழ். லயத்து வீடுகளில் யாருக்காவது டாக்டர் வெளி மருந்து எழுதிக் கொடுத்தால், அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு போய்ப் பட்டணத்துப் பார்மசியில் வாங்கி மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார். அதற்குக் கூலி வாங்கமாட்டார். பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் முன் சீட்டில் இருப்பவரை எழுப்பிவிடுவார். ஒருநாள் நான் பிந்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கிறார், இவர் பின் டயருக்குப் பக்கத்தில் குந்தி அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் டயர் சரியாகிவிட்டது.

உம்மாவுக்கு அவர் மேல் பெரிய நம்பிக்கை. "கல்யாணம் முடிக்காத பிள்ளை, மலையில தனியாப் போய் வாறா. அந்த மனுஷன் இருக்கிறதாலதான் நான் நிம்மதியா இருக்கிறேன்," என்பார். பெருநாளைக்கு அவருக்கென்று வட்டிலப்பம் செய்து கொடுத்துவிடுவார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு, டிக்கட் இல்லாமல் போய், பஸ்ஸிலேயே அவர் கையில் கொடுப்பேன்.

எப்போதாவது செக்கர் வருவார். எதிரே வரும் பஸ் இரண்டு தரம் லைட் அடித்தால் செக்கர் அடுத்த வளைவில் நிற்கிறார் என்று அர்த்தம். உடனே கண்டக்டர் டிக்கட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைசி சீட்டிலிருந்து முன்னால் வருவார். கல்யாண வீட்டில் வெற்றிலை கொடுப்பதுபோல் எல்லோருக்கும் ஒன்று. செக்கர் ஏறும்போது பஸ் முழுக்க நல்ல பிரஜைகள். அவரும் திருப்தியோடு இறங்குவார்.

பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்புக்குக் குடியியல் படிப்பித்தேன். பொதுச் சொத்து என்ற பாடம் வந்தபோது, உதாரணம் சொல்லச் சொன்னேன். "பஸ்" என்றது ஒரு பிள்ளை. பஸ்ஸை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்டேன். "சீட்ல காலத் தூக்கி வைக்கக் கூடாது டீச்சர்." "வாந்தி எடுக்கிறதா இருந்தா தலைய வெளிய நீட்டணும் டீச்சர்." இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். எனக்கும் வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

அந்த பஸ்ஸில் தவறாமல் டிக்கட் கேட்டு வாங்கியவர் ஒருவர் இருந்தார். கீழ் டிவிசனில் கொழுந்து எடுக்கும் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கு மூச்சிழுப்பு. செவ்வாய்க்கிழமைகளில் மேலே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவார் என்பதால், அன்றைக்கு மட்டும் சந்தியில் ஏறுவார். சந்தியிலிருந்து மேலே போக இருபத்தைந்து சதம். டிக்கட் இல்லாவிட்டால் பதினைந்து. அவர் இருபத்தைந்தைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடியே இருப்பார்.

"என்னம்மா, பத்து சதம் மிச்சம் புடிச்சா ஒரு வாய் வெத்தலையாச்சும் வாங்கலாமே," என்பார் கண்டக்டர்.

"வெத்தல இருக்குங்க. டிக்கட்டக் குடுங்க."

கண்டக்டர் டிக்கட் புத்தகத்தைத் தேடுவார். அது சில நாட்களில் டிரைவருடைய சாப்பாட்டுப் பைக்குள் இருக்கும். அதுவரைக்கும் அந்தக் கை நீண்டபடியே இருக்கும். டிக்கட் கிடைத்ததும் மடித்து, முந்தானைக்குள் இருந்த ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்வார்.

அநேகமாக என் பக்கத்தில்தான் வந்து உட்காருவார். அவருடைய அந்தத் துணிச்சல் எனக்கு ஒரே சமயத்தில் மரியாதையாகவும் எரிச்சலாகவும் இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் அக்கா, எல்லாரும் சும்மா இருக்கிறப்ப நீங்க மட்டும் டிக்கட் கேக்கிறீங்க?"

"எங்கப்பாரு பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டப்போ, நீ இந்த நாட்டுல இருந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டாங்க டீச்சர். இங்கயே பொறந்து வளந்த மனுசன். கையில ஒரு துண்டு இல்ல. அன்னையிலருந்து எந்தக் கடுதாசியக் கண்டாலும் நான் வீசுறதில்ல."

"டிக்கட்டில பேர் போட்டிருக்காதே அக்கா."

"பேரு இல்லாட்டி என்னங்க. நம்பர் இருக்குல்ல."

டிப்போவைப் பற்றியோ பொதுச் சொத்தைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்திருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆனபோது, பஸ் ஸ்டாண்டில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் முதலாம் தேதியிலிருந்து எங்கள் பஸ் கீழ் டிவிசன் சந்தியோடு திரும்பிவிடும். காரணம், சந்திக்கு மேலே போதிய பயணிகள் இல்லை. அறிவித்தலை நான் பஸ் புட்போர்டில் தொங்கிக்கொண்டே வாசித்தேன்; உள்ளே ஏற இடமில்லை.

தோட்டம் கொதித்தது. ஆஸ்பத்திரி மேலே, பள்ளிக்கூடம் மேலே, கூட்டுறவுக் கடை மேலே. நாலு மைல் ஏற்றம். தோட்டத்துச் சங்கத் தலைவர், உரத்த குரலும் பெரிய மீசையும் உள்ள மனிதர், பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "டீச்சர், உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரு மனு எழுதுங்க." எழுதினேன். நாளாந்தம் நூற்றுக்கு மேற்பட்டோர் பயணம் செய்யும் இந்த பஸ் என்று தொடங்கி, இரண்டு பக்கம். கண்டக்டரிடம் காட்டினேன். மிக நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவருக்கும் கவலைதான்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேர் டிப்போவுக்குப் போனோம். தலைவர், நான், நோயாளிகள் சார்பில் மூச்சிழுப்புக்காரப் பெண். மேலதிகாரி மெலிந்த, அமைதியான மனிதர். உட்காரச் சொல்லித் தேநீர் தந்தார். நாங்கள் பேசியது சிங்களத்தில். பட்டணத்தில் பிறந்த எனக்கு அது நன்றாகவே வரும், எழுதத்தான் வராது. தலைவருக்கும் ஓரளவு வரும். அவர் மனுவிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை வாயாலும் ஒருமுறை சொன்னார்.

அதிகாரி ஒரு பைலை எடுத்துப் புரட்டினார். "சந்திக்கு மேலே காலை நடையில் விற்ற டிக்கட் மூன்று. மறுநாள் மூன்று. மறுநாள் இரண்டு." பக்கத்தைத் திருப்பினார். "செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஒன்று கூடுகிறது. செவ்வாயில் என்ன விசேஷம்? கோயிலா?"

"ஆமாங்க சேர், கோயில்," என்றார் தலைவர்.

அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். "கோயில் இல்லீங்க, நான்தான்," என்று தமிழில் சொல்லி, துணிப்பையை அவிழ்த்து மேசையில் கொட்டினார். நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி ஒரு டிக்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தம்முடைய டிக்கட்தான் என்று ஒத்துக்கொண்டார். அதை மரியாதையாகத் திரும்ப வைத்தார். "சரி, இந்த அம்மா பயணம் செய்கிறார். மற்ற நூறு பேரும் எங்கே?"

தலைவர் கூரையைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்கள் தினமும் போகிறீர்கள்தானே. உங்கள் டிக்கட்?"

"வீசிவிடுவேன் சேர்," என்றேன்.

"எங்கே வீசினாலும் பரவாயில்லை. டிக்கட்டின் அடிக்கட்டை எங்கள் புத்தகத்தில் இருக்கும்," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உண்மையை வாயால் சொல்வதைவிட எழுதுவது லேசாகத் தோன்றியது. "எழுதித் தரட்டுமா சேர்?" என்று கேட்டேன். அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

தமிழில் எழுதினேன். ஒன்றரை வருஷமாக நான் இந்த பஸ்ஸில் டிக்கட் எடுக்காமல் பயணம் செய்திருக்கிறேன். கண்டக்டர் தராததால் அல்ல, நான் கேட்காததால். மற்றப் பயணிகளும் இப்படியே. பஸ்ஸை நிறுத்தினால் அது எங்கள் பிழையாகவே இருக்கும். நாலு வரி. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தாளைத் தலைவரிடம் கொடுத்து, சிங்களத்தில் சொல்லச் சொன்னார். தலைவர் முதலில் தமக்குள் வாசித்தார். மீசை ஒருதரம் அசைந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். இந்த ஆசிரியை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகத் தன் இளமையை அர்ப்பணித்தவர், மழையிலும் பனியிலும் வருகிறவர், பஸ் நின்றால் பள்ளிக்கூடம் நிற்கும், பள்ளிக்கூடம் நின்றால் பிள்ளைகள் நாசமாகப் போவார்கள். நாலு வரியை அவர் இரண்டு நிமிஷம் வாசித்தார்.

அப்படி எழுதவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும் என்பதை முன்பே சொன்னேன். நான் தேநீரைக் குடித்தேன். அதிகாரி அந்தத் தாளில் முத்திரை குத்திப் பைலில் சேர்த்தார். அவர் முட்டாள் இல்லை. "ஒரு மாதம் பார்க்கிறேன். டிக்கட் விற்றால் பஸ் போகும்," என்றார்.

வெளியே வந்ததும் தலைவர், "டீச்சர், உண்மைய எழுதுங்க, வேணாங்கல. அதுக்காக டிப்போக் கந்தோர்லயே குடுக்கிறதா?" என்று கடிந்துகொண்டார். அந்தப் பெண் வேறு விஷயம் கேட்டார். "டீச்சர், எழுதுனதுக்குக் கொப்பி ஒண்ணு வாங்கிக்கிட்டீங்களா?"

திங்கட்கிழமை கண்டக்டர் டிக்கட் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார். யாரையும் பார்க்காமல் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். "டிப்போவுல ஏதோ எழுதிக் குடுத்தீங்களாம்."

"உங்களைப் பத்தி ஒண்ணும் எழுதல்ல."

"அப்ப யாரைப் பத்தி?"

"என்னைப் பத்தி."

"அது எதுக்கு?" என்று கேட்டார். கிண்டலாக அல்ல, உண்மையாகவே தெரியாமல். அறுபது சதத்தை நீட்டினேன்.

முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காக டிக்கட் எடுத்தார்கள். கணக்குப்படி ஐம்பது, ஐம்பத்தைந்து பேர். அதுவே போதும். தலைவருக்கு மட்டும் போதவில்லை. மனுவில் நூற்றுக்கு மேற்பட்டோர் என்று எழுதியிருந்தோமே, அதற்குக் குறைந்தால் தோட்டத்துக்கு மானக்கேடு என்றார். இரண்டாம் வாரம் லயம் லயமாகப் போய், ஒரு வீட்டுக்கு ஒரு டிக்கட் என்று சேர்த்தார். போகிறவர் போகலாம், போகாதவர் சும்மா எடுத்தால் போதும். சில பேர் சந்தியில் ஏறி முதல் வளைவிலேயே இறங்கி வேலைக்கு நடந்தார்கள். மற்றவர்களுக்குச் சேர்த்து, சந்தியில் வைத்து, கண்டக்டரிடம் தலைவர் டிக்கட்டை மொத்தமாக வாங்கிக்கொண்டார். "அதிகாரி சேர் கேட்டது டிக்கட்தானே," என்றார் என்னிடம். "ஆள் ஏறணும்னு அவர் சொல்லவே இல்லையே."

மாதம் முடிந்தது. பஸ் தப்பியது. அது மட்டுமல்ல, எங்கள் நெரிசலைக் கண்டு மத்தியானத்துக்கு இன்னொரு நடையும் தந்தார்கள். தலைவருக்குத் தோட்டத்தில் மாலை போட்டார்கள்.

அதே வாரம் கண்டக்டருக்கு ஒரு கடிதம் வந்தது. நாற்பத்திரண்டு சீட்டுள்ள பஸ்ஸில் தினமும் நூற்றுப்பத்துப் பேரை ஏற்றி, பயணிகளின் உயிருக்கு ஆபத்து விளைவித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இன்னொரு கேள்வியும் இருந்தது. பஸ் பழுதாகிச் சந்தியிலேயே நின்றுவிட்ட ஒரு புதன்கிழமை, தொண்ணூற்றாறு பேர் மேலே போனது எப்படி? அவர் எனக்குக் கடிதத்தைக் காட்டினார். எத்தனையோ வருஷ வேலையில், கிடைத்த காசையெல்லாம் ஒரு சதம் குறையாமல் டிப்போவில் கட்டிய ஒரே மாதம் அதுதான் என்றார்.

அவர் என்ன விளக்கம் எழுதினாரோ தெரியாது. எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அவரை வேறு லைனுக்கு மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது நான் தலைவரிடம் போனேன். "நாங்க போய்ச் சொல்லணும். அவர் பஸ்ஸில அத்தனை பேரை ஏத்தல்ல. டிக்கட் வாங்கினது நாங்க."

"சொன்னா மறுபடி மூணு பேரு போற பஸ்ஸுன்னு நிப்பாட்டிருவாங்க. ஒரு ஆளா, ஒரு பஸ்ஸா? டீச்சரே சொல்லுங்க."

இரவு முழுக்க யோசித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் தூங்கிவிட்டேன். காலையில் ஆறரை பஸ்ஸில் ஏறினேன். அதுதான் என் பதிலாக ஆகிவிட்டது. அந்த மாதக் கடைசியில் அவர் போய்விட்டார். உம்மாவிடம் மாற்றலாகிப் போனார் என்று மட்டும் சொன்னேன்.

புதிய கண்டக்டர் இளைஞர். சட்டையில் இஸ்திரி மடிப்பு நிற்கும். எல்லோருக்கும் டிக்கட். ஆறரை என்றால் ஆறரை. பஸ் தரிப்பில்தான் நிறுத்துவார். மருந்துத் துண்டை நீட்டினால், அது தன் வேலையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சொன்னதில் பிழையில்லை. மூன்று மாதம் தோட்டமே அவரைத் திட்டியது. நாலாவது மாதம் ஒருநாள் காலை, நான் கொடுத்த ரூபாய்க்கு அறுபது சதம் திரும்பி வந்தது.

"டிக்கட்," என்றேன்.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கிழித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து, எனக்கு மாற்றல் கிடைக்கும் வரைக்கும், ஒவ்வொரு நாளும் கேட்டேன். என்னைப் பார்த்து வேறு யாராவது கேட்கத் தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் நடக்கும். நடக்கவில்லை. டீச்சருக்குத் தலைக்கனம் கூடிவிட்டது என்று ஒரு பேச்சு வந்ததாக, மூச்சிழுப்புக்காரப் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார். அடுத்த வருஷம், பிரஜாவுரிமை இல்லாதவர்களோடு சேர்த்து, அவரும் புருஷனும் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள்.

எனக்குக் கல்யாணமாகி, பண்டாரவளைக்கு வந்து சில வருஷம் கழித்து, ஒருநாள் கணவரோடு அப்புத்தளைக்குப் போக பஸ் ஏறினேன். "அப்புத்தளை ரெண்டு," என்று கணவர் காசைக் கொடுத்தார். டிக்கட்டை நீட்டிய கையைப் பார்த்து நிமிர்ந்தால், பழைய கண்டக்டர். தலை நரைத்திருந்தது.

"டீச்சரா! உம்மா சுகமா இருக்காங்களா?"

"மௌத்தாயிட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு."

கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது விட்டால் பிறகு இல்லை என்று தோன்றியது. "அன்னைக்கு நான் டிப்போவுக்குப் போய்ச் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"என்னத்த?"

"பஸ்ஸில நீங்க அத்தனை பேரை ஏத்தல்லன்னு."

அவர் சிரித்தார். "சொல்லியிருந்தா பஸ்ஸ நிப்பாட்டியிருப்பாங்க. நீங்க தினமும் நாலு மைல் நடந்திருப்பீங்க."

"நடந்திருக்கலாம்," என்றேன்.

"இப்பச் சொல்றது லேசு டீச்சர்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மிச்சக் காசை எண்ணிக் கணவரின் கையில் வைத்துவிட்டு, முன்னால் ஏறியவர்களுக்கு டிக்கட் கொடுக்கப் போனார்.